திண்டுக்கல் வானில் இறங்கிய அலை

2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. ஆவணி முதல் தேதி. மாலை 6 மணி 11 நிமிடம் 4 விநாடி. திண்டுக்கல்லில் சூரியன் மறைய இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. வத்தலக்குண்டு வண்டியும் நத்தம் வண்டியும் வேலை முடிந்து திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். அந்த நொடியில் தென்மேற்கே, அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்தில், வத்தலக்குண்டு இருக்கும் திசையிலிருந்து ஓர் ஈர்ப்பலையின் கடைசித் துடிப்பு ஊருக்குள் இறங்கியது. மலைக்கோட்டைப் பாறையையும் அதன் அடிவாரத்து வீடுகளையும் வீட்டிலிருந்த மனிதர்களையும் ஊடுருவிக்கொண்டு பூமிக்குள் போய்விட்டது. ஒரு குவளைத் தண்ணீர்கூட அசையவில்லை. அந்தத் துடிப்பு கிளம்பி 13 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலை வந்த திசை தெரியும், நேரம் தெரியும். பூமியின் ஆரத்தைக் கடக்க ஒளிக்கு 21 மில்லி விநாடி ஆகும் என்பதும் தெரியும். இவற்றை வைத்து யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திண்டுக்கல்லைக் கடந்து ஏறத்தாழ ஏழு, எட்டு மில்லி விநாடி கழித்துத்தான் அந்த அலை இத்தாலியில் பீசா நகருக்கு அருகே உள்ள விர்கோ கருவியை எட்டியது. அதன் பிறகு 22 மில்லி விநாடி கழித்து அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டன், இன்னும் 3 மில்லி விநாடி கழித்து வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்ட். அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டுக்கும் அது வானத்திலிருந்து வரவில்லை. பூமியைத் துளைத்துக்கொண்டு காலுக்கு அடியிலிருந்து வந்தது. உலகத்தில் அதைக் கேட்டுப் பதிவுசெய்த மூன்று இடங்களுக்கும் முன்பாகவே அது நம் சமவெளியைத் தொட்டுவிட்டது. கேட்கும் கருவி நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த அலையோடு ஒரு வெளிச்சமும் புறப்பட்டு வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் பிறந்து, ஒரே வழியில் பயணித்து, ஒரே மாலையில் பூமிக்கு வந்து சேர்ந்தவை. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து கிடைத்து, இரண்டையும் மனிதர்கள் பதிவுசெய்தது அதுவே முதல் தடவை.

பிறந்த இடம் என்ஜிசி 4993 என்ற கேலக்ஸி. அஸ்தம், சித்திரை நட்சத்திரங்களுக்குத் தெற்கே, ஹைட்ரா மண்டலத்தில் இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் அதைத் தொலைநோக்கியில் மங்கலான ஒரு புகைத்திட்டாகப் பார்த்து எழுதிவைத்தார். அதற்குள் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய நட்சத்திரங்கள் எரிந்து முடிந்து, தம் எடையைத் தாங்காமல் உள்ளே நொறுங்கி, மேல்பகுதி வெடித்துச் சிதறிய பிறகு மிஞ்சும் கருதான் நியூட்ரான் நட்சத்திரம். ஒவ்வொன்றின் குறுக்களவும் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற தூரம். அதற்குள் சூரியனைவிட அதிக எடை அடைபட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் சூரியனைப் போல் 2.7 மடங்கு.

கனமான இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளி நடுங்குகிறது. அந்த நடுக்கம் ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆற்றல் குறையக் குறையச் சுற்றுப்பாதை சுருங்குகிறது, சுருங்கச் சுருங்க வேகம் கூடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தவை கடைசி 100 விநாடியில் மட்டும் ஏறத்தாழ 1,500 சுற்றுச் சுற்றின. பிறகு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அப்போது சிதறி வெளியேறிய பொருளின் எடை சூரியனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அது ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான வேகத்தில் நாலாபக்கமும் பறந்தது. அந்தப் பொருள் விட்ட வெளிச்சம்தான் நம் கதையின் இரண்டாவது பயணி. அதற்குக் கிலோநோவா என்று பெயர்.

இவை கிளம்பிய காலத்தில் திண்டுக்கல் பாறை ஏற்கெனவே கிழடு. தென்னிந்தியாவின் இந்தப் பாறைகளுக்கு 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. ஆனால் அந்தப் பாறை நின்ற நிலம் தெற்கே வெகு தொலைவில் இருந்தது. இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து பிரியத் தொடங்கியிருந்தது. மடகாஸ்கர் இன்னும் நம்மோடு ஒட்டியிருந்தது. டைனோசர்கள் நடமாடின. நிலக்கோட்டைச் சந்தையில் விடியற்காலையில் மல்லிகையைக் கொட்டி விலை பேசுகிறார்களே, அந்த மல்லிகைக்கு மட்டுமல்ல, பூக்கும் செடிகள் எல்லாவற்றுக்குமே அப்போதுதான் தொடக்கம். நமக்குக் கிடைத்திருக்கும் பூச்செடிகளின் மிகப் பழைய புதைபடிவங்கள் அந்தக் காலத்தை ஒட்டியவை. ஒரு பூவுக்கும் பேர் சொல்ல ஆளில்லாத அந்த உலகத்தை நோக்கி அலையும் வெளிச்சமும் புறப்பட்டன.

பயணத்தில் பாதி தூரம் வந்தபோது இங்கே டைனோசர்கள் அழிந்தன. முக்கால் தூரம் கடப்பதற்குள் இந்தியா ஆசியாவில் போய் முட்டி, இமயம் எழத் தொடங்கிவிட்டது. மனிதன் தோன்றியபோது மிச்சமிருந்த தூரம் சில லட்சம் ஒளியாண்டு. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் திண்டுக்கல் மலையில் கோட்டை கட்டத் தொடங்கியபோது 412 ஒளியாண்டு. 1899-இல் சென்னையின் வானியல் வேலை கொடைக்கானல் மலைக்கு ஏறியபோது 118 ஒளியாண்டு.

1930-இல், 87 ஒளியாண்டு தூரம் மிச்சமிருந்தபோது, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயதுப் பையன் ஒருவர் பம்பாயில் கப்பல் ஏறினார். சுப்பிரமணியன் சந்திரசேகர். கேம்பிரிட்ஜுக்குப் போகும் வழியில், கடல் பயணத்திலேயே, ஒரு கணக்கைப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் தன் எடையைத் தாங்கி வெள்ளைக் குள்ளனாக நிற்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் எடை இருந்தால் அது நிற்காது, நொறுங்கும். இன்று நாம் சொல்லும் அளவு சூரியனைப் போல் 1.4 மடங்கு. நொறுங்கி என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை அப்போது இல்லை. 1934-இல் வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் நியூட்ரான் நட்சத்திரம் என்ற எண்ணத்தை முன்வைத்தார்கள். 1967-இல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, ரேடியோ பதிவுத்தாளில் சீராக வந்த துடிப்பைக் கவனித்து, அப்படி ஒன்று வானில் உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டினார். 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் அப்படிப்பட்ட இரண்டு ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது நம் அலை 43 ஒளியாண்டு தள்ளி வந்துகொண்டிருந்தது.

சந்திரசேகரை அந்த எல்லைக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை. 1960-களில் அவர் பொதுச் சார்பியலுக்குத் திரும்பினார். நியூட்டனின் ஈர்ப்புக் கணக்கில் ஐன்ஸ்டீனின் திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டு, ஈர்ப்பலை வெளியேறுவதால் பொருளின் இயக்கம் எப்படி மாறும் என்ற இடம் வரைக்கும் கொண்டுபோனார். அந்தப் பாதையைப் பின்னால் நீட்டியவர்களில் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த பாலா ஐயர் முக்கியமானவர். சென்னை சிறுசேரியில் உள்ள கணிதக் கழகத்தின் கே. ஜி. அருணும் அந்தப் பாதையில் வேலை செய்தவர்தான். இரைச்சலுக்குள் இருந்து ஓர் அலையைப் பிரித்தெடுக்க, அது எந்த வடிவத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வடிவத்தை வைத்துச் சல்லடை போடும் முறையைப் புனேயில் சஞ்சீவ் துரந்தரும் பி. எஸ். சத்யபிரகாஷும் 1990-களின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார்கள். கேட்கும் கருவி நம் நாட்டில் இல்லாதபோதும், எதைக் கேட்க வேண்டும் என்ற கணக்கில் நம்மவர்கள் கை இருந்தது. இதை நாம் நம் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சொல்வதில்லை.

லைகோவின் கரம் 4 கிலோமீட்டர் நீளம். அந்த நீளத்தில் புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் அதற்குத் தெரியும். இரண்டு கருந்துளைகள் மோதிய அலையை அது 2015 செப்டம்பர் 14-இல் முதலில் பிடித்தது. கருந்துளை மோதினால் வெளிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. நியூட்ரான் நட்சத்திரங்கள் மோத வேண்டும். மோதும் நேரத்தில் கருவிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது கருவியான விர்கோ 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் லைகோவோடு சேர்ந்தது. அந்தச் சுற்று ஆகஸ்ட் 25-இல் முடிந்தது. 13 கோடி ஆண்டு நடந்து வந்த பயணி அந்த மூன்றரை வாரத்துக்குள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அலை வந்து 1.7 விநாடி கழித்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோளில் காமா கதிர் விழுந்தது. இரண்டு விநாடி நீடித்த பலவீனமான மின்னல்வெட்டு. அதை ஃபெர்மி தானாகவே 14 விநாடியில் உலகத்துக்கு அறிவித்துவிட்டது. 13 கோடி ஆண்டு என்பது 41 கோடி கோடி விநாடி. அவ்வளவு நீண்ட ஓட்டத்தில் இரண்டு பயணிகளுக்கும் இடையே 1.7 விநாடிதான் வித்தியாசம். அதுவும் காமா கதிர் கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டதால் இருக்கலாம். ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றுதான் என்று ஐன்ஸ்டீன் சொன்னது பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு துல்லியத்துக்கு உறுதியானது. ஈர்ப்புக்கு வேறு வேகம் கொடுத்து, பிரபஞ்சம் விரிவதை விளக்கப் பார்த்த கோட்பாடுகள் பல அன்று ஒரே மாலையில் விழுந்தன.

லைகோ பக்கம் ஒரு சிக்கல். அலை முடிவதற்கு ஒரு விநாடி முன்பு, லிவிங்ஸ்டன் கருவியில் எங்கிருந்தோ ஒரு கருவி இரைச்சல் வெடித்தது. தானியங்கி மென்பொருள் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டது. ஹான்ஃபோர்ட் மட்டும் தனியாக ஓர் அலையைக் கேட்டதாகச் சொன்னது. விஞ்ஞானிகள் லிவிங்ஸ்டன் பதிவைக் கண்ணால் பார்த்தார்கள். நேரம் இடமிருந்து வலமாகவும் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் ஓடும் படம் அது. மெல்லிய ஒரு கோடு கீழே படுத்தாற்போலத் தொடங்கி, வலப்பக்கம் போகப் போக நிமிர்ந்து, கடைசியில் செங்குத்தாக எழுகிறது. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பெரிய கறை. கறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு அறுபடாமல் போகிறது. அலை அங்கேயும் இருந்தது. விர்கோவில் அதே அலை மிக மங்கல், ஏனென்றால் அது விர்கோவுக்கு அநேகமாகக் கேட்காத திசையிலிருந்து வந்தது. அந்த மங்கலே உதவியது. விர்கோவுக்குக் கேட்காத திசைகள் வானில் கொஞ்சம்தான். நட்சத்திரங்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

கறையை நீக்கி, மூன்று கருவிகளின் பதிவையும் சேர்த்து, வானத்தில் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று வரைபடம் வெளிவந்தபோது இந்திய நேரம் இரவு 11.24.

எனக்கு இந்த வரலாற்றில் மனசு மிகவும் கனக்கும் இடம் இது. அந்த மாலை 6.11-க்குப் பிறகு என்ஜிசி 4993 நம் வானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. 6.35-க்குச் சூரியன் மறைந்தது. 7 மணிக்கு அது தென்மேற்கே 30 பாகை உயரம், 8 மணிக்கு 20 பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு குரு கன்னி ராசியில், சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். செப்டம்பரில் வரப்போகும் குருப்பெயர்ச்சிக்குப் பலன்கள் அச்சாகிக்கொண்டிருந்த நாட்கள். மேற்கு வானில் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் அந்தக் குருவுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி, அப்போதுதான் பிறந்திருந்த கிலோநோவா. ஒன்பதரை மணி அளவில் அது பழனி மலைத்தொடரின் பக்கமாக இறங்கி மறைந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்ற வரைபடம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வந்தது.

அந்த முதல் மணி நேரங்களின் வெளிச்சத்தை உலகில் யாருமே பதிவுசெய்யவில்லை. சிதறிய பொருளின் மேல்தோல் எப்படிச் சூடானது, முதல் நீல வெளிச்சம் எதிலிருந்து வந்தது என்ற சண்டை இன்று வரை தீராததற்கு அந்த இடைவெளி ஒரு காரணம். நம்மிடம் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உண்டு. லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கி உண்டு. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

பூமி சுழன்று சிலியில் இருட்டியது. மோதலுக்கு 10.9 மணி நேரம் கழித்து, அதாவது நமக்கு மறுநாள் விடியற்காலை 5 மணிக்குச் சற்றுப் பின், லாஸ் கம்பானாஸ் மலையில் 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி எடுத்த படத்தில் என்ஜிசி 4993-இன் மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு புதுப் புள்ளி இருந்தது. பழைய படத்தில் அது இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மேலும் ஐந்து குழுக்கள் தனித்தனியாக அதே புள்ளியைப் பிடித்தன. 13 கோடி ஆண்டு வந்த இரண்டாவது பயணிக்கு அங்கேதான் வரவேற்பு.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது வானியலாளர்கள் இன்றும் பரபரப்பார்கள். முதல் நாள் புள்ளி நீலம். இரண்டு, மூன்று நாளில் நீலம் வடிந்து சிவப்பு ஏறியது. அதன் பிறகு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் மட்டும் வாரக்கணக்கில் தங்கியது. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே கணித்திருந்தார்கள். நியூட்ரான் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இரும்பு போன்ற அணுக்கருக்கள் நியூட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குகின்றன. சிதைவதற்கு நேரம் இல்லை. அதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் அவை கனமான தனிமங்களாக மாறுகின்றன: பிளாட்டினம், தங்கம், தோரியம், யுரேனியம். அவை சிதையும் சூட்டில்தான் கிலோநோவா ஒளிர்கிறது. லாந்தனைடு என்ற அருமண் தனிமங்கள் உருவானால் அவை நீல ஒளியை மறித்துவிடும், சிவப்பைத்தான் விடும். சிவப்பு ஏறியதே அவை உருவானதற்குச் சாட்சி.

ஆனாலும் இன்ன தனிமம் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. சிலியின் பெரிய தொலைநோக்கியான விஎல்டி எடுத்த நிறமாலையில், 0.8 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு அகலமான பள்ளம் இருந்தது. 2019-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் டாரக் வாட்சனும் கூட்டாளிகளும் அது ஸ்ட்ரான்சியம் என்று காட்டினார்கள். ஸ்ட்ரான்சியத்தின் கோடுகள் இருக்க வேண்டிய இடம் 1 மைக்ரானுக்குச் சற்று மேல். நம்மை நோக்கி அசுர வேகத்தில் வரும் வாயுவில் அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்து, அகன்று, பள்ளமாகிவிட்டன. இந்த வித்தை திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடு நகர்வதை அளந்து, அங்கே வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருப்பது அந்த மலையில் பிறந்தது. நூறாண்டுக்கு மேலாகக் கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படமெடுத்த இடமும் அதுவே. தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பதுதான் ஸ்ட்ரான்சியம்.

செய்தித்தாள்கள் தங்கத்தைத்தான் தலைப்பில் போட்டன. பூமியின் எடையைப் போலப் பல மடங்கு தங்கம் அங்கே உருவாகியிருக்கும் என்ற மதிப்பீடு அப்படிப்பட்டது. ஆடி முடிந்து முகூர்த்த நாள் தொடங்கும் மாதத்தில் வந்த அலை என்பதால் நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் தங்கத்தின் கோடு என்று எதுவும் அந்த நிறமாலையில் இன்னும் உறுதிப்படவில்லை. தங்கம் முழுக்க இப்படித்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. சுனாமி வந்த மறுநாள், 2004 டிசம்பர் 27-இல், காந்த நட்சத்திரம் ஒன்று பெருஞ்சுடர் விட்டது. அதிலும் கனத் தனிமங்கள் உருவாகின என்று 2025-இல் ஓர் ஆய்வு காட்டியது. கழுத்தில் கிடக்கும் தாலித் தங்கம் சூரியன் பிறப்பதற்கு முன்பே, 460 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மேகத்தில் கலந்திருந்த ஏதோ பழைய மோதல்களின் மிச்சம். 2017-இல் வந்தது அந்த மோதல்களின் சாயல் மட்டுமே.

தங்கத்தைவிட நமக்கு நெருங்கிய உதாரணம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல். அதிலுள்ள மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் இருக்கின்றன. தோரியம் உருவாக வேறு வழி இல்லை. நியூட்ரான்களை அசுர வேகத்தில் விழுங்கித்தான் அது உருவாகும். லாந்தனமும் சீரியமும் 2017 கிலோநோவாவின் அகச்சிவப்பு நிறமாலையில் தென்படுகின்றன என்று 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவை இரண்டும் அந்த மணலில் இருக்கும் தனிமங்கள்தான்.

வெளிச்சம் இன்னும் முடியவில்லை. மோதலுக்கு 9 நாள் கழித்து அந்த இடத்தில் எக்ஸ் கதிர் தெரிந்தது. பிடித்தது சந்திரா விண்வெளி ஆய்வுக்கூடம். கப்பலில் கணக்குப் போட்ட அந்தச் சென்னைப் பையனின் பெயரைத்தான் நாசா அதற்கு வைத்து 1999-இல் விண்வெளிக்கு அனுப்பியது. 16-ஆம் நாளில் ரேடியோ அலை வந்தது. அதன் பிறகு கேலக்ஸி சூரியனை நெருங்கிவிட்டதால் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கிகள் எல்லாம் வாயடைத்து நின்றன. ரேடியோவுக்குச் சூரியன் தடை இல்லை. புனேவுக்கு வடக்கே கோதாடு கிராமத்தில் 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் 30 கொண்ட ஜிஎம்ஆர்டி அந்த மாதங்களில் குறைந்த அதிர்வெண்ணில் அதைப் பின்தொடர்ந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ரெஸ்மியும் குழுவினரும் அதை வெளியிட்டார்கள். குணால் மூலியும் கூட்டாளிகளும் ஜிஎம்ஆர்டி உட்படப் பல கருவிகளின் பதிவை வைத்து, பொருள் எப்படி வெளியேறியது என்று படிப்படியாக வரைந்தார்கள். சிதைவின் நடுவிலிருந்து மெல்லிய தாரை ஒன்று, ஒளியை நெருங்கும் வேகத்தில், நமக்குச் சற்றுச் சாய்வாகப் பாய்ந்திருந்தது. காமா மின்னல்வெட்டு அவ்வளவு பலவீனமாக இருந்ததற்கு அந்தச் சாய்வுதான் காரணம்.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கு அன்று அந்த இடம் பூமிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதனால் காமா கதிர் எதுவும் விழவில்லை. அந்த வெறுமையும் ஒரு தகவல். ஆஸ்ட்ரோசாட்டுக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து மின்னல்வெட்டு வரவில்லை என்று வைத்துத் தேடும் பரப்பைக் குறைக்க முடிந்தது.

2017-க்குப் பிறகு அலையும் வெளிச்சமும் சேர்ந்து உறுதியாகக் கிடைத்த இன்னொரு மோதல் இல்லை. 2019 ஏப்ரல் 25-இல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அலை வந்தது. எந்தத் தொலைநோக்கிக்கும் வெளிச்சம் அகப்படவில்லை. அன்று ஹான்ஃபோர்ட் கருவி ஓடவில்லை. தேட வேண்டிய பரப்பு வானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக விரிந்துவிட்டது. பூமியின் வேறொரு மூலையில் இன்னொரு கருவி தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்த மூலை நாம்தான். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்து அவுண்டாவில் 4 கிலோமீட்டர் கரங்களோடு லைகோ இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது 2016-இலேயே. அந்த ஏழு ஆண்டு தாமதம் எனக்கு வலிக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கண் பக்கம் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. ஹான்லேயில் 2018 முதல் 70 சென்டிமீட்டர் குரோத் இந்தியா தொலைநோக்கி மனிதக் கை படாமல் தானாகவே இயங்குகிறது. அறிவிப்பு வந்தவுடன் திரும்பிப் படமெடுக்கத் தொடங்கும். அதைவிடச் சிறியவற்றுக்கும் இடம் உண்டு. அந்த முதல் இரவில் தனித்துக் கண்டுபிடித்த ஆறு குழுக்களில் ஒன்று பயன்படுத்தியது வெறும் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. சிறுமலை அடிவாரத்திலோ ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காட்டிலோ, ஊர் வெளிச்சம் படாத ஓரிடத்தில் ஒரு கல்லூரியால் அந்த அளவுக் கருவியை நிறுத்த முடியும். இயற்பியல் துறைப் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் இருக்கலாம். லைகோவின் அறிவிப்புகள் 2019 ஏப்ரல் முதல் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. அலை பதிவான சில நிமிடங்களில் கைபேசிக்கே வந்துவிடும், காசும் கிடையாது.